அமோனியா பிளான்ட்: கன்ட்ரோலை மாற்றினால் உண்மையிலேயே மின்சாரம் குறையுமா?

குளிரறை பொறுப்பாளர்:

வணக்கம் நண்பர்களே. அமோனியா பிளான்ட் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மைனஸ் 10 டிகிரி சக்‌ஷனில் (கம்ப்ரசர் வாயுவை உறிஞ்சும் பக்கம்) மூன்று ஸ்க்ரூ கம்ப்ரசர்கள், குளிரறைகளுக்கும் பேக்கிங் கூடத்துக்கும். மைனஸ் 40-இல் பூஸ்டராக (வாயுவை முதல் கட்டமாக அமுக்கித் தரும் கம்ப்ரசர்) இரண்டு, பிளாஸ்ட் ஃப்ரீசருக்கு (சரக்கை வேகமாக உறைய வைக்கும் அறை). எவாப்பரேட்டிவ் கண்டென்சர் (தண்ணீராலும் காற்றாலும் குளிர்வித்து அமோனியா வாயுவைத் திரவமாக்குவது) மூன்று. டிஸ்சார்ஜ் பிரஷர் (கம்ப்ரசர் வாயுவை வெளியே தள்ளும் அழுத்தம், ஹெட் பிரஷர் என்றும் சொல்வோம்) ஆண்டு முழுவதும் 12.5 பாரில் நிற்கும். நிறுவியபோதே அப்படி செட் செய்து கொடுத்துவிட்டார்கள். சரக்கு குவியும் மாதத்துக்கும் அறை பாதி காலியாக இருக்கும் மாதத்துக்கும் மின் செலவில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

புது கம்ப்ரசர் வாங்க நிர்வாகத்திடம் பணம் இல்லை. கன்ட்ரோல் விற்கும் நிறுவனம் ஒன்று வந்து, இருக்கிற பேனல்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே மாஸ்டர் கன்ட்ரோலர் வைத்தால் கால்வாசி மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. நம்பலாமா? எதிலிருந்து தொடங்குவது? இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கன்ட்ரோல் ரூம்:

லோடு குறைந்தும் மின்சாரம் குறையவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்லைடு வால்வில்தான் (ஸ்க்ரூ கம்ப்ரசரின் திறனைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) விஷயம் இருக்கும். உங்கள் மூன்று ஸ்க்ரூவும் சாதாரண நாளில் எத்தனை சதவீதத்தில் ஓடுகின்றன? மூன்றும் 60, 60, 60 என்று ஓடுகின்றன என்றால் அங்கேதான் பணம் போகிறது.

ஸ்லைடு வால்வு திறன் பாதியாகும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் பாதியாகாது. மெஷினைப் பொறுத்து, 50 சதவீத திறனில் முழு மின்சாரத்தில் 60 முதல் 70 சதவீதம் வரை இழுக்கும். 25 சதவீதத்துக்கு இறங்கினாலும் கிட்டத்தட்ட பாதி மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மெஷின் 60 சதவீதத்தில் ஓடினால் ஒவ்வொன்றும் முழு மின்சாரத்தில் ஏறத்தாழ 72 சதவீதம் இழுக்கும், மொத்தம் 216. அதே குளிரை ஒன்று 100-இலும் ஒன்று 80-இலும் ஓடிக் கொடுத்தால் மொத்தம் 187 பக்கம் வரும். மூன்றாவது மெஷின் நின்றுவிடும். ஒரு நட்டுகூட மாற்றாமல் இவ்வளவு.

இது ஏன் நடக்கிறது? ஒவ்வொரு பேனலும் தனித்தனியாக சக்‌ஷன் பிரஷரைப் பார்த்துத் தன் ஸ்லைடை ஏற்றி இறக்குகிறது. ஒரே ஸ்டியரிங்கை மூன்று பேர் பிடித்த மாதிரி. ஒன்று ஏற்றும்போது மற்றது இறக்குகிறது, கடைசியில் எல்லாமே நடுவில் நிற்கின்றன. மேலிருந்து ஒருவர் முடிவு செய்ய வேண்டும்: இவை பேஸ் மெஷின், முழு லோடில் ஓடும், இது ட்ரிம் மெஷின், ஏற்ற இறக்கத்தை இது மட்டும் பார்த்துக்கொள்ளும். அதற்குத்தான் மாஸ்டர். ஆனால் அதற்காக எல்லா பேனலையும் பிடுங்கத் தேவையில்லை. இருக்கிற பேனல்களில் தகவல் தொடர்பு போர்ட் இருந்தால் ஒரு பிஎல்சி (புரோகிராம் எழுதி இயக்கும் கன்ட்ரோலர்) போதும்.

குளிரறை பொறுப்பாளர்:

சரியாகச் சொல்லிவிட்டீர்கள். இப்போதுதான் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தேன். 55, 62, 58. ட்ரிம் மெஷினுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட வேண்டுமா?

கன்ட்ரோல் ரூம்:

ட்ரிம்முக்கு மட்டும் போட்டால் நல்லது. எல்லாவற்றுக்கும் போடச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். விஎஃப்டி தானே 2, 3 சதவீதம் தின்னும், முழு வேகத்தில் ஓடுகிற மெஷினில் அது வெறும் நஷ்டம். அப்புறம், ஸ்க்ரூவை எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாக ஓட்ட முடியாது. ரோட்டர் இடைவெளி வழியே திரும்பிக் கசியும் வாயுவும், பேரிங்குக்குப் போகிற எண்ணெயும் ஒரு கட்டத்துக்குக் கீழே ஒத்துழைக்காது. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த வேகம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கீழே ஸ்லைடுதான்.

வெப்பக்கணக்கு:

கம்ப்ரசர் வரிசை முக்கியம்தான். ஆனால் என் கண் முதலில் போனது அந்த 12.5 பாரில்.

அமோனியாவுக்கு 12.5 பார் கேஜ் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு) என்றால் 35 டிகிரி கண்டென்சிங், அதாவது வாயு திரவமாகும் வெப்பநிலை. கடும் வெயில் நாளுக்கு அது நியாயமான எண். குளிர்ந்த இரவிலும் அதையே ஏன் பிடித்து வைத்திருக்க வேண்டும்? கண்டென்சர் ஃபேன்களை நிறுத்தி நிறுத்திப் பிரஷரை வேண்டுமென்றே மேலே தூக்கி வைக்கிறீர்கள். கம்ப்ரசர் அந்தப் பிரஷருக்கு எதிராக உழைக்கிறது.

எளிய கணக்கு ஒன்று. மைனஸ் 10 என்பது 263 கெல்வின். கண்டென்சிங் 35 என்றால் இடைவெளி 45, கார்னோ சிஓபி (ஒரு பங்கு வேலைக்கு அதிகபட்சம் எத்தனை பங்கு குளிர் கிடைக்கும் என்ற எண்) 263-ஐ 45 ஆல் வகுத்தால் 5.8. கண்டென்சிங் 25 ஆனால் இடைவெளி 35, சிஓபி 7.5. அதே குளிருக்குத் தேவைப்படும் வேலை 22 சதவீதம் குறைகிறது. நிஜ மெஷின் கார்னோவின் பாதியை அல்லது கொஞ்சம் மேலே தொடும், ஆனால் விகிதம் ஏறக்குறைய இதேதான். களத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கும் அதுதான்: கண்டென்சிங் ஒரு டிகிரி இறங்கினால் கம்ப்ரசர் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் குறையும்.

அந்த நிறுவனம் சொன்ன கால்வாசி என்பது நடக்காத எண் இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஹெட் பிரஷரை இறக்குவதிலிருந்து வருவது. அதற்குப் புதுப் பேனல் வேண்டியதில்லை.

பழைய பிளான்ட்:

தம்பிகளா, ஹெட் பிரஷரை இறக்கு என்று சொல்வது சுலபம். ஆபரேட்டர் நிலைமையில் நின்று பாருங்கள். 9 பாருக்கு வந்தால் டீஃப்ராஸ்ட் (அறைக்குக் குளிர் தரும் குழாய்த் தொகுதியான காயிலில் படிந்த பனியை உருக்குவது) பாதியில் நிற்கும், காயிலில் பனி அப்படியே இருக்கும். தூரத்து அறைக்கு லிக்விட் போய்ச் சேராது. ஆயில் செபரேட்டர் தாண்டி எண்ணெய் பிளான்ட்டுக்குள் போகும். இதையெல்லாம் பார்த்தவர்கள்தான் 12.5-இல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சும்மா வைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அறை சூடானால் ஃபோன் வருவது ஆபரேட்டருக்கு, கணக்குப் போட்டவருக்கு இல்லை.

கன்ட்ரோல் ரூம்:

அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. பிளான்ட்டுக்குப் பிளான்ட் எந்தத் தடை முதலில் வரும் என்பதுதான் வேறுபடும். அந்தத் தடை எது என்று கண்டுபிடித்து அதைத் தீர்ப்பதுதான் வேலையே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டீஃப்ராஸ்ட். காயிலில் ஹாட் கேஸ் (கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயு) பனியை உருக்கியபடி கண்டென்ஸ் ஆக 10 டிகிரி இருந்தாலே போதும். அமோனியாவுக்கு அது 5.1 பார் கேஜ். டீஃப்ராஸ்ட் ரெகுலேட்டர்களைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வைப்பார்கள். 9 பார் ஹெட் இருந்தும் காயிலுக்கு 5 பார் வந்து சேரவில்லை என்றால் இடையில் இருக்கிற லைன் சிறியது, அல்லது நீளமான ஹாட் கேஸ் லைனில் திரவம் தேங்கி நிற்கிறது. குளிர்ந்த கூரை மேலே ஓடும் லைனில் இது சகஜம். தாழ்ந்த இடங்களில் ட்ரெயின் வைத்து, லைனுக்கு இன்சுலேஷன் போட்டால் பாதிப் புகார் போய்விடும். அதற்கும் மேல் பிரஷர் வேண்டும் என்றால் டீஃப்ராஸ்ட் நடக்கும் நேரத்துக்கு மட்டும் செட் பாயிண்டை உயர்த்த பிஎல்சியில் நாலு வரி போதும்.

லிக்விட். பம்ப் சர்க்குலேஷன் இருக்கிற பகுதிக்கு ஹெட் பிரஷர் பிரச்சினையே இல்லை, லோ பிரஷர் ரிசீவரிலிருந்து பம்ப்தான் தள்ளுகிறது. நேரடி எக்ஸ்பான்ஷன் வால்வு (பம்ப் இல்லாமல் பிரஷர் வித்தியாசத்தால் லிக்விட்டைக் காயிலுக்குள் விடுவது) வைத்த அறைகள்தான் திணறும். அந்த வால்வு அதிகப் பிரஷர் வித்தியாசத்துக்குக் கணக்கிட்டு எடுத்தது. ஆரிஃபிஸ் (வால்வின் துளை) மாற்றலாம், எலக்ட்ரானிக் வால்வு போடலாம். அப்படி ஒன்றிரண்டு அறைதான் இருக்கும். அவற்றுக்காக மொத்த பிளான்ட்டும் ஆண்டு முழுவதும் 35 டிகிரியில் ஓட வேண்டுமா?

எண்ணெய். இதில் உங்கள் கவலையை நான் முழுக்க ஏற்கிறேன். பிரஷர் இறங்கினால் அதே எடை வாயு அதிக இடத்தைப் பிடிக்கும். 35 டிகிரி கண்டென்சிங்கில் 13.5 பார் அப்சல்யூட் (வளிமண்டல அழுத்தமும் சேர்ந்த அளவு), 20 டிகிரியில் 8.6. செபரேட்டர் வழியே போகும் கன அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சிறிய செபரேட்டர் என்றால் எண்ணெயைப் பிடிக்காது. இதற்குத் தயாரிப்பாளரிடம் கேட்டு, முழு லோடில் எந்தப் பிரஷர் வரை இறங்கலாம் என்று எண் வாங்க வேண்டும். லோடு குறைந்திருக்கும்போது இன்னும் கீழே போகலாம். லிக்விட் இஞ்செக்‌ஷன் ஆயில் கூலிங் (திரவ அமோனியாவைக் கம்ப்ரசருக்குள் விட்டு எண்ணெயைக் குளிர்விப்பது) இருந்தால் அந்த வால்வுக்கும் குறைந்தபட்சப் பிரஷர் ஒன்று உண்டு. தெர்மோசைஃபன் (பம்ப் இல்லாமல் திரவம் தானாகச் சுழன்று எண்ணெயைக் குளிர்விக்கும் முறை) இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆகவே இறக்குங்கள், ஆனால் படிப்படியாக. அரை பார் இறக்கி, ஒரு வாரம் எண்ணெய் மட்டம், டீஃப்ராஸ்ட் முடியும் நேரம், தூரத்து அறையின் வெப்பநிலை மூன்றையும் பாருங்கள். ஒன்று முரண்டு பிடித்தால் அங்கே நிறுத்தி அதைச் சரி செய்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பழைய பிளான்ட்:

படிப்படியாக என்றால் சரி. ஒரே நாளில் இறக்கிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறவர்களைத்தான் சொன்னேன்.

புதிய பொறியாளர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இந்தத் துறைக்குப் புதிது. ஹெட் பிரஷர் குறைவாக இருந்தால் நல்லது என்றால், கண்டென்சர் ஃபேன் எல்லாவற்றையும் எப்போதும் முழு வேகத்தில் ஓடவிட்டு, எவ்வளவு இறங்குகிறதோ இறங்கட்டும் என்று விட்டுவிடலாமே? எதற்குக் கன்ட்ரோல்?

வெப்பக்கணக்கு:

நல்ல கேள்வி தம்பி. கம்ப்ரசர் மின்சாரம், கண்டென்சர் ஃபேன் மின்சாரம் இரண்டும் சேர்ந்த மொத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். எவாப்பரேட்டிவ் கண்டென்சர் வெளிக்காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (தண்ணீர் ஆவியாவதால் அந்தக் காற்றில் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) கீழே ஒருநாளும் போக முடியாது. அதை நெருங்க நெருங்க, ஒவ்வொரு டிகிரிக்கும் ஃபேன் அதிகமாக உழைக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் ஃபேன் தின்னும் மின்சாரம் கம்ப்ரசரில் மிச்சமாவதை மிஞ்சிவிடும். ஆகவே செட் பாயிண்ட் என்பது ஒரு நிலையான எண்ணாக இருக்கக்கூடாது. ஈரக்குமிழ் வெப்பநிலையோடு ஒரு இடைவெளியைக் கூட்டி அதைப் பின்தொடர வேண்டும். அந்த இடைவெளியும் லோடு குறையும்போது சுருங்க வேண்டும். பிளான்ட்டுக்கு ஏற்ப அது மாறும். 8 டிகிரியில் தொடங்கி, மொத்தக் கிலோவாட்டைப் பார்த்து ஏற்றி இறக்கிக் கண்டுபிடியுங்கள்.

ஃபேனில் இன்னொரு விஷயம். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்சாரம் போகும். 80 சதவீத வேகத்துக்கு 51 சதவீத மின்சாரம், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு. எனவே ஒரு ஃபேனை முழுதாக ஓட்டி மற்றதை நிறுத்துவதைவிட, எல்லா ஃபேனையும் ஒரே வேகத்தில் மெதுவாக ஓட்டுவது எப்போதும் லாபம். மூன்று கண்டென்சரிலும் ஒரே வேகம். ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்று விடாதீர்கள்.

தண்ணீர்ப் பம்பை மட்டும் ஆன் ஆஃப் செய்து கட்டுப்படுத்தாதீர்கள். குழாய் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் உப்புப் படியும். அப்படிப் படிந்த கண்டென்சரை எந்தக் கன்ட்ரோலும் காப்பாற்றாது.

கன்ட்ரோல் ரூம்:

ஈரக்குமிழ் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைக் கணக்கிட ஈரப்பத சென்சார் வேண்டும். கூரை மேல், கண்டென்சர் வெளிவிடும் ஈரக் காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் பொய்தான் சொல்லும். நல்ல இடத்தில் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும். கணக்கிட்ட எண்ணுக்கு ஒரு மேல் எல்லை, ஒரு கீழ் எல்லை வையுங்கள், சென்சார் செத்தால் பழைய நிலையான செட் பாயிண்டுக்குத் திரும்ப வேண்டும். இதை எழுதாமல் விட்டால் முதல் மழையிலேயே ஆபரேட்டர் ஆட்டோவை அணைத்துவிடுவார்.

குளிரறை பொறுப்பாளர்:

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து சில எண்கள் எடுத்தேன். ஒன்று புரியவில்லை. டிஸ்சார்ஜ் 12.5 பார். ஆனால் கண்டென்சரிலிருந்து ரிசீவருக்கு வரும் லிக்விட் லைனில் வெப்பநிலை 31 டிகிரிதான் காட்டுகிறது. 35 இருக்க வேண்டாமா? கேஜ் இரண்டையும் சரிபார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கின்றன.

வெப்பக்கணக்கு:

31 டிகிரிக்கு அமோனியாவின் பிரஷர் 12 பார் அப்சல்யூட், கேஜில் 11. உங்களிடம் 12.5 இருக்கிறது. கண்டென்சருக்குள்ளேயே கொஞ்சம் சப்கூலிங் (திரவமான பிறகும் மேலும் குளிர்வது) நடக்கலாம், அதற்குக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். ஆனாலும் மிச்சமிருக்கிற வித்தியாசம் காற்றாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. சிஸ்டத்துக்குள் காற்று இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவு. அமோனியா வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 33-இல் கொதிக்கும். உங்கள் பிளாஸ்ட் ஃப்ரீசர் பக்கம் மைனஸ் 40, அங்கே 0.72 பார் அப்சல்யூட்தான். அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே. ஷாஃப்ட் சீலிலோ வால்வு பேக்கிங்கிலோ சின்னக் கசிவு இருந்தாலும் அமோனியா வெளியே வராது, வாசனையும் தெரியாது. காற்று உள்ளே போய் கண்டென்சரில் சேர்ந்து நிற்கும், ஏனென்றால் அது அங்கே திரவமாகாது. இதனால் பிரஷர் உயரும், கண்டென்சர் பரப்பும் வீணாகும். பர்ஜர் (காற்றைப் பிரித்து வெளியேற்றும் கருவி) இருக்கிறதா?

குளிரறை பொறுப்பாளர்:

ஆட்டோ பர்ஜர் ஒன்று இருக்கிறது. அதன் லிக்விட் லைன் வால்வு மூடியிருந்தது. யார் எப்போது மூடினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பழைய பிளான்ட்:

முதலில் அதைத் திறந்து ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் எல்லாம் பிறகு. பர்ஜ் பாயிண்டை ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தால் அதிகப் பிரஷர் இருக்கிற கண்டென்சரிலிருந்து மட்டும்தான் இழுக்கும். பூஸ்டர்களின் ஷாஃப்ட் சீலையும் ஒரு பார்வை பாருங்கள், காற்று உள்ளே வருவதை நிறுத்தாமல் வெளியே எடுத்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

கன்ட்ரோல் ரூம்:

இது நடக்கும்போதே சக்‌ஷன் பக்கம் ஒரு கேள்வி. மைனஸ் 10 யாருக்காக? எல்லா அறைக்கும் தேவையா, ஒரே ஓர் அறைக்காகவா?

குளிரறை பொறுப்பாளர்:

ஒரே அறைதான். மற்றவை மைனஸ் 7 இருந்தாலே போதும் போலத் தெரிகிறது. அந்த ஓர் அறை மட்டும் சரக்கு வந்த நாளில் இறங்க நேரம் எடுக்கும், அதனால்தான் செட் பாயிண்டைக் கீழே வைத்தார்கள்.

கன்ட்ரோல் ரூம்:

மிக அதிகமாக நான் பார்க்கும் வீணடிப்பு இதுதான். ஒரு காயிலின் நோயை மொத்த பிளான்ட்டும் சுமக்கிறது. அந்தக் காயிலைத் திறந்து பாருங்கள்: பனி முழுதாக உருகுகிறதா, உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறதா, லிக்விட் சோலினாய்டுக்கு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) முன்னாடி இருக்கிற ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்திருக்கிறதா, எல்லா ஃபேனும் சரியான திசையில் சுற்றுகின்றனவா. மோட்டார் மாற்றியபோது ஃபேஸ் மாறிப் பின்னோக்கிச் சுற்றும் ஃபேன் நீங்கள் நினைப்பதைவிடச் சகஜம்.

அதைச் சரி செய்தபின் சக்‌ஷனையும் மிதக்க விடலாம். மாஸ்டர் எல்லா அறையையும் பார்க்கட்டும். எந்த அறையும் பசியாக இல்லை என்றால் செட் பாயிண்டை மெல்ல உயர்த்தும். ஏதாவது ஓர் அறை செட் பாயிண்டைத் தொட முடியாமல் வால்வு முழு நேரமும் திறந்தே நின்றால் மெல்ல இறக்கும். நிமிடக் கணக்கில் மாற்றக்கூடாது, அப்புறம் கம்ப்ரசர்கள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் 3 சதவீதம் போல மின்சாரம் குறையும், கம்ப்ரசரின் திறனும் கூடும். அதனால் மெஷின் ஒன்றை நிறுத்தும் நேரமும் அதிகமாகும்.

இன்னொன்று: பிரஷர் டிரான்ஸ்மிட்டர். மைனஸ் 10 பக்கம் 0.1 பார் தவறாகக் காட்டினால் அது சுமார் 0.9 டிகிரி. மைனஸ் 40 பக்கம் அதே 0.1 பார் 2.5 டிகிரி. லோ சைடு டிரான்ஸ்மிட்டரின் ஸீரோவை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்காமல் செட் பாயிண்ட் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

வெப்பக்கணக்கு:

எவாப்பரேட்டர் ஃபேன்களையும் (அறைக்குள் காயில் வழியே காற்றை ஓட்டுபவை) மறக்க வேண்டாம். அவற்றுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம். மைனஸ் 25 அறையில் ஒரு கிலோவாட் ஃபேன் ஓடினால் அந்த ஒரு கிலோவாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் விழும். அதை வெளியேற்ற கம்ப்ரசர் இன்னும் 0.4, 0.5 கிலோவாட் தின்னும். அறை வெப்பநிலை செட் பாயிண்டைத் தொட்டதும் லிக்விட் வால்வு மூடும், ஃபேன் மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சேமிப்பு அறைகளில் அந்த நேரத்தில் வேகத்தைப் பாதியாக்கலாம். அடிக்கடி கதவு திறக்கும் அறையிலும் பிளாஸ்ட் ஃப்ரீசரிலும் அதைச் செய்ய வேண்டாம், அங்கே காற்றோட்டம்தான் வேலையே.

டீஃப்ராஸ்ட் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் வைத்து ஒவ்வொரு காயிலுக்கும் ஒரே இடைவெளி என்று செட் செய்திருப்பார்கள். கதவு அருகே இருக்கிற காயிலுக்கு அது போதாது, மூலையில் இருக்கிற காயிலுக்கு அது அதிகம். லிக்விட் வால்வு திறந்திருந்த மொத்த மணிநேரத்தைக் கூட்டி, அந்த எண்ணை வைத்து டீஃப்ராஸ்ட் தொடங்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். முடிப்பதையும் நேரத்தால் மட்டும் முடிக்காமல் காயில் வெப்பநிலையால் முடிக்க வேண்டும். பனி உருகியபின் உள்ளே போகும் ஹாட் கேஸ் நேராக சக்‌ஷனுக்குப் போய் கம்ப்ரசருக்குச் சுமையாகிறது. ரெகுலேட்டருக்குப் பதில் ஃப்ளோட் ட்ரெயினர் இருந்தால் திரவம் மட்டும் திரும்பும், வாயு நிற்கும்.

வால்வு:

டீஃப்ராஸ்ட் வரிசையில் கை வைக்கிறீர்கள் என்றதும் எழுதத் தோன்றியது. தயவு செய்து கொஞ்சம் நில்லுங்கள்.

2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், தியடோர் என்ற இடத்தில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் படித்திருக்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு பிளான்ட்டைத் திரும்ப இயக்கும்போது அலாரத்தை நீக்கி சிஸ்டத்தை ரீசெட் செய்தார்கள். மின்தடைக்கு முன் டீஃப்ராஸ்டில் இருந்த காயில்கள், உள்ளே அழுத்தமான ஹாட் கேஸ் இருக்கும்போதே நேராகக் குளிர்விக்கும் நிலைக்குத் தாவின. பிரஷரை மெல்ல இறக்கும் கட்டம் நடக்கவே இல்லை. ஹைட்ராலிக் ஷாக்கில் (குழாய்க்குள் ஏற்படும் திடீர் அழுத்த அதிர்ச்சி) கூரை மேல் இருந்த 12 அங்குல சக்‌ஷன் குழாய் உடைந்து 14 டன்னுக்கு மேல் அமோனியா வெளியேறியது. பக்கத்தில் வேலை பார்த்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதைச் சுவாசித்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து வெளியிட்ட அறிக்கை இருக்கிறது.

அதாவது, கன்ட்ரோல் மென்பொருளுக்கு மின்சாரம் போய் வந்தபின் காயில் எந்த நிலையில் இருந்தது என்று நினைவு இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பிரஷர் இறக்கும் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பம்ப் அவுட் (காயிலிலிருந்து திரவத்தை வெளியேற்றுவது), மென்மையான வாயு (ஹாட் கேஸை முதலில் மெல்ல விடுவது), ஹாட் கேஸ், பிரஷர் இறக்கம், ஃபேன் தாமதம், இந்த வரிசையில் எதையும் மின்சாரம் மிச்சம் என்று குறைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் திரையில் தட்டி டீஃப்ராஸ்டை நடுவில் நிறுத்த முடியும் என்ற நிலையும் கூடாது. ஹை பிரஷர் கட் அவுட், ரிலீஃப் வால்வு, லெவல் கட் அவுட் எல்லாம் இந்த மாற்றங்களுக்கு வெளியே, தனி வயரில் இருக்கட்டும்.

கன்ட்ரோல் ரூம்:

முழுக்க ஆமோதிக்கிறேன். புது புரோகிராம் ஏற்றும்போது மின்தடையை வேண்டுமென்றே உருவாக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் வால்வுகளை இணைக்காமல், அவுட்புட் விளக்குகளை மட்டும் வைத்து.

புதிய பொறியாளர்:

இவ்வளவும் செய்தபின் உண்மையிலேயே மிச்சமானதா என்று எப்படித் தெரியும்? இந்த மாதம் குறைந்தது என்றால் வானிலை குளிர்ந்ததாலும் இருக்கலாமே?

வெப்பக்கணக்கு:

அதனால்தான் மாற்றத்துக்கு முன்பே அளக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் தனி மின் மீட்டர், கண்டென்சர் ஃபேன்களுக்கு ஒன்று, எவாப்பரேட்டர் ஃபேன்களுக்கு ஒன்று. நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோவாட் மணி, அன்று எத்தனை டன் சரக்கு உள்ளே வந்தது, அன்றைய சராசரி ஈரக்குமிழ் என்ன, இந்த மூன்றும் ஒரே தாளில். சில வாரத் தரவு சேர்ந்தால் ஒரு கோடு வரையலாம்: இவ்வளவு சரக்கு, இவ்வளவு ஈரக்குமிழ் என்றால் பழைய பிளான்ட் இவ்வளவு தின்னும். மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கோட்டோடு ஒப்பிடுங்கள். போன வருட பில்லோடு ஒப்பிடுவது யாரையும் நம்ப வைக்காது.

கன்ட்ரோல் விற்கும் நிறுவனத்திடமும் இதே கோட்டை முன்னால் வைத்துப் பேசுங்கள். கால்வாசி என்று சொன்னார்கள் அல்லவா, எதோடு ஒப்பிட்டு என்று எழுதித் தரட்டும்.

பழைய பிளான்ட்:

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. ஆட்டோவில் இருக்கிற மெஷின் எத்தனை, ஹேண்ட் மோடில் (ஆபரேட்டர் கையால் இயக்கும் நிலை) இருக்கிற மெஷின் எத்தனை? நல்ல கன்ட்ரோல் போட்ட பிளான்ட்டில்கூட ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி ஹேண்ட் மோடில் ஓடும். ஒரு ராத்திரி ஏதோ ஒன்று தப்பாகப் போயிருக்கும், ஆபரேட்டர் ஹேண்ட் மோடில் போட்டிருப்பார், அது அப்படியே நிற்கும். ஆபரேட்டரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. கன்ட்ரோல் ஏன் அப்படிச் செய்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஹெட் பிரஷர் 9-க்கு இறங்கினால் அது நல்லது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் குறைகிறதே என்று பயந்து ஃபேனை நிறுத்துவார்.

கன்ட்ரோல் ரூம்:

அண்ணா சொன்னதை அப்படியே திரையில் கொண்டு வரலாம். முதல் பக்கத்திலேயே எவை ஹேண்ட் மோடில் இருக்கின்றன, எவ்வளவு நேரமாக இருக்கின்றன என்று காட்டுங்கள். ஷிப்ட் மாறும்போது அதற்குக் காரணம் எழுத ஓர் இடம். செட் பாயிண்ட் இப்போது என்ன, எதனால் மாறியது என்று ஒரு வரி: ஈரக்குமிழைப் பின்தொடர்கிறது, டீஃப்ராஸ்டுக்காக உயர்த்தப்பட்டது, எண்ணெய் எல்லையில் நிற்கிறது. காரணம் தெரிந்த மாற்றத்தை ஆபரேட்டர் அணைக்க மாட்டார்.

குளிரறை பொறுப்பாளர்:

நிறுவனத்துக்காரர் மின் கட்டணம் குறைவான நேரத்தில் அறையை அதிகம் குளிர்வித்து வைத்து, கட்டணம் கூடும் நேரத்தில் மெஷினை நிறுத்தலாம் என்றும் சொன்னார். சரக்கே குளிரைச் சேமிக்குமாம்.

வெப்பக்கணக்கு:

நடக்கும். உறைந்த சரக்கு நிறைந்த அறை மெதுவாகத்தான் சூடாகும். ஆனால் கணக்கில் தெளிவாக இருங்கள். அறையை இன்னும் இரண்டு டிகிரி இறக்கச் சக்‌ஷனையும் இறக்க வேண்டும், அதனால் மின்சாரம் கொஞ்சம் அதிகமாகத்தான் செலவாகும். குறைவது கட்டணம் மட்டும். இரவில் ஈரக்குமிழ் குறைவு என்பதால் அந்த நஷ்டம் ஓரளவு ஈடாகும். உறையாத பொருள் வைத்த அறையில் இதைச் செய்யவே கூடாது. மற்ற வேலைகள் முடிந்தபின் இதைப் பார்க்கலாம், இப்போது வேண்டாம்.

குளிரறை பொறுப்பாளர்:

பர்ஜரை ஓடவிட்டதில் லிக்விட் வெப்பநிலைக்கும் பிரஷருக்கும் இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டாவது பூஸ்டரில் ஷாஃப்ட் சீல் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த ஓர் அறைக் காயிலில் ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தது உண்மை, சுத்தம் செய்தாகிவிட்டது. மீட்டர்கள் வந்ததும் பழைய நிலையிலேயே சில வாரம் தரவு எடுத்துவிட்டு, பிறகு ஹெட் பிரஷரை 12-இலிருந்து இறக்கத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று ஸ்க்ரூவில் எதை ட்ரிம்மாக வைப்பது? ஒன்றில் எகனாமைசர் (அமுக்கத்தின் நடுவில் கூடுதல் வாயுவை ஏற்றுத் திறனைக் கூட்டும் அமைப்பு) இருக்கிறது, மற்ற இரண்டில் இல்லை.

கன்ட்ரோல் ரூம்:

எகனாமைசர் இருப்பதை பேஸாக வையுங்கள். ஸ்லைடு 70, 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எகனாமைசர் போர்ட் பயன் தராது, அதை ட்ரிம்மாக வைத்தால் அந்தப் பணம் வீண். மற்ற இரண்டில் விஐ (வாயுவின் கன அளவு உள்ளே எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற விகிதம்) மாற்றக்கூடிய மெஷின் எது என்று பாருங்கள். 35 டிகிரியில் உங்களுக்கு 3.3 பக்கம் விஐ வேண்டும், 20 டிகிரிக்கு இறங்கினால் 2.3 போதும். விஐ நிலையாக இருக்கிற மெஷின், ஹெட் இறங்கும்போது வாயுவைத் தேவைக்கு மேல் அமுக்கித் திரும்ப விடும், மிச்சத்தில் கொஞ்சம் அங்கே போகும். மாற்றக்கூடியதும் பேஸில், நிலையானது ட்ரிம்மில் என்று தொடங்குங்கள்.

பழைய பிளான்ட்:

11 பாருக்கு வந்ததும் அந்த வாரத்து ட்ரெண்டை இங்கே போடுங்கள். மூன்று மெஷினின் எண்ணெய் மட்டத்தையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு அடுத்த அரை பாரை இறக்கலாமா என்று சொல்கிறேன்.